பேய் வருவதற்கு முந்திய பத்து நிமிடங்கள்

திகிற்படம் ஒன்றின் முதற் பத்து நிமிடங்களில் பேய் வருவதில்லை. வந்துவிட்டால் அப்படம் அநேகமாகத் தோற்றுவிடும். ஆயினும் அந்தப் பத்து நிமிடங்களுக்குள்தான் பார்வையாளர் அகப்படுகிறார். எதைக் கண்டு அஞ்சப் போகிறோம் என்பது தெரியாத நிலையிலேயே அஞ்சுவதற்குத் தயாராகிவிடுகிறார். இந்தத் தயார்ப்படுத்தல் எவ்வாறு நிகழ்கிறது, கடந்த நூறு ஆண்டுகளில் அது எப்படி வளர்ந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பத்திரிகைத் தொழிலில் உள்ளவனுக்கு இவ்விடயத்தில் தனியான ஓர் அக்கறை உண்டு. செய்தியின் முதற் பந்தியை எழுதுகிறவனும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறான். 'இனந்தெரியாத நபர்கள்' என்ற இரண்டு சொற்களைத் தலைப்பில் வைத்தால் போதும். எழுதியவன் எவரையும் சுட்டவில்லை. ஆனால் வாசிப்பவர் தமது அச்சத்துக்கு ஏற்ற ஒரு முகத்தைத் தாமே அதற்குப் பொருத்திக்கொள்கிறார். நமது நாட்டில் இந்தச் சொற்றொடர் எத்தனை ஆயிரம் தடவை அச்சேறியிருக்கும் என்பதை நான் கூறவேண்டியதில்லை.

திகிற்பட இயக்குநரிடம் மூன்று கருவிகள் உள்ளன. கமரா எதை மறைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. ஒலி, மறைக்கப்பட்டது எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்றாவதாக, மறைந்து நிற்பது யார் என்பதை நாம் ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பதாக எண்ணவைக்கும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை 'ஸ்டீரியோடைப்' என்பார்கள். இச்சொல் எங்கள் அச்சகத்திலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. ஈய எழுத்துகளைக் கோத்து முடித்த ஒரு பக்கத்தை அச்செடுத்து, அதிலிருந்து உலோகத்தில் வார்த்த ஒரே தகடுதான் ஸ்டீரியோடைப். ஒரு தடவை வார்த்துவிட்டால் அதே பக்கத்தை ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். எழுத்தொன்றைத் தனியே கழற்றித் திருத்த முடியாது. மனிதர் மற்ற மனிதரைப் பற்றி வைத்திருக்கும் மாறாத படிமத்துக்கு இச்சொல்லைப் பரவலாக்கியவர் வோல்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். பொதுசன அபிப்பிராயம் பற்றிய அவரது நூல் 1922 இல் வெளிவந்தது. இக்கட்டுரையில் நான் அதை 'வார்ப்பு' என்றே குறிப்பிடுகிறேன்.

அதே 1922 இல்தான் ஜேர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னோவின் 'நொஸ்ஃபெராட்டு' திரைக்கு வந்தது. பேசாப் படம். ஜேர்மன் நகரமொன்றில் இளம் மனைவியோடு மகிழ்ச்சியாக வாழும் ஹட்டர் என்ற இளைஞன், வீடு விற்கும் வேலைக்காகக் கார்பேத்திய மலைகளை நோக்கிப் பயணமாகிறான். மலையடிவாரத்து விடுதியில் இறங்கி, இரவு உணவை விரைவாகத் தருமாறு கேட்கிறான். தான் ஓர்லொக் பிரபுவின் மாளிகைக்குப் போகவேண்டும் என்கிறான். அவ்வளவுதான். விடுதியில் இருந்த கிராமத்தவர் அனைவரும் உறைந்துபோகிறார்கள். பேய் இன்னும் வரவில்லை, அதன் பெயர் மாத்திரமே வந்தது. (அவ்விரவில் காட்டில் திரியும் ஓநாயாகக் காட்டப்படுவது உண்மையில் ஒரு கழுதைப்புலி. அதைப் பற்றி அன்று எவரும் முறையிட்டதாகத் தெரியவில்லை.)

இக்காட்சி அன்றுமுதல் இன்றுவரை நூற்றுக்கணக்கான படங்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நகரத்திலிருந்து வரும் படித்த பயணி, அவனை எச்சரிக்கும் நாட்டுப்புறத்து மக்கள், எச்சரிக்கையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அவன் புறப்பட்டுப் போவது. இதில் விசித்திரம் என்னவென்றால், கிராமத்தவர் சொல்வதுதான் எப்போதும் சரியாக இருக்கிறது. அவர்கள் சொன்னபடியே மாளிகையில் பேய் இருக்கிறது. ஆயினும் எந்தப் படமும் அவர்களை அறிவுடையோராகக் காட்டுவதில்லை. அவர்கள் சிலுவைக்குறி இடுவதற்கும் கண்களை அகல விரிப்பதற்கும் மாத்திரமே அழைக்கப்பட்டவர்கள். அச்சம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் காட்டியதும் அவர்களுடைய வேலை முடிந்துவிடுகிறது.

அந்தத் திசை கிழக்கு. முர்னோவின் படத்தில் தீமை கிழக்கிலிருந்து கப்பலேறி, எலிகளோடும் கொள்ளைநோயோடும் மேற்கின் நகரத்துக்கு வருகிறது. முதலாம் உலகப் போரில் தோற்று, கிழக்கிலிருந்து வந்து குடியேறுவோரைச் சந்தேகத்துடன் நோக்கிக்கொண்டிருந்த நாட்டில் எடுக்கப்பட்ட படம் அது. ஓர்லொக்கின் வளைந்த மூக்கும் நீண்ட விரல்களும் அன்றைய யூத விரோதக் கேலிச் சித்திரங்களை நினைவூட்டுவதாக விமர்சகர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். வார்ப்பு எங்கே தயாராகிக் கிடந்ததோ அங்கிருந்தே திரை அதை எடுத்துக்கொண்டது.

1931 இல் அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் 'ட்ராகுலா'வை வெளியிட்டபோது படங்கள் பேசத் தொடங்கியிருந்தன. ஆனால் பின்னணி இசை என்ற பழக்கம் இன்னும் நிலைபெறவில்லை. எழுத்தோட்டத்தின்போது சாய்கோவ்ஸ்கியின் 'அன்ன ஏரி'யிலிருந்து ஒரு துண்டு ஒலிக்கிறது. பிறகு மலைப்பாதையில் ஓடும் குதிரைவண்டியின் சில்லொலி மாத்திரமே. வண்டிக்குள் ஓர் இளம்பெண் பயண வழிகாட்டி நூலை உரக்க வாசிக்கிறாள். விடுதியில் கிராமத்தவர் ஹங்கேரிய மொழியில் பேசுகிறார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. அமெரிக்கப் பார்வையாளருக்கு அது பொருளுள்ள பேச்சாகக் கேட்கவேண்டும் என்ற நோக்கமும் இல்லை. புரியாத மொழி என்பதே அங்கு ஓர் ஒலி விளைவு. ட்ராகுலாவாக நடித்த பேலா லுகோசி அந்த நிலப்பரப்பையே சேர்ந்தவர். அன்று ஹங்கேரியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்ததும் இன்று ருமேனியாவில் உள்ளதுமான லுகோஸ் என்ற ஊரில் 1882 இல் பிறந்து, அமெரிக்காவில் குடியேறியவர். புலம்பெயர்ந்து வந்த ஒரு மனிதரின் ஆங்கில உச்சரிப்பே பல தலைமுறைகளுக்குப் பேயின் குரலாகிப்போனது. மூல நாவலை எழுதிய பிராம் ஸ்ரோக்கரோ டிரான்சில்வேனியாவில் காலடி வைத்தவரே அல்லர். நூல்களைப் படித்து எழுதினார்.

அதே ஆண்டில் வந்த 'பிராங்கென்ஸ்டைன்' ஒலியின் வலிமையை வேறு வகையில் காட்டிற்று. இயக்குநர் ஜேம்ஸ் வேல் படத்தை ஒரு மயானத்தில் ஆரம்பிக்கிறார். மணி ஒலிக்கிறது. அழுகின்ற முகங்களைக் கமரா ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறது. எல்லோரும் போனபின் வெட்டியான் முதல் மண்ணைக் குழிக்குள் தள்ள, அது பெட்டியின்மீது விழும் ஓசை வெறுமையாகக் கேட்கிறது. இசை எதுவும் இல்லாதபடியால் அந்த ஓசையிலிருந்து ஒதுங்குவதற்கு இடமில்லை. இங்கும் ஒரு வார்ப்பு உண்டு: பிணத்தைத் திருடக் காத்திருக்கும் கூனன். மேரி ஷெல்லியின் 1818 ஆம் ஆண்டு நாவலில் அப்படியொரு கூனனே இல்லை. உடற்குறை உள்ளவனைக் கண்டால் தீமையை எதிர்பார்க்கவேண்டும் என்பதைத் திரை தானாகச் சேர்த்துக்கொண்டது.

கண் முன்னால் உள்ளதை மாத்திரமே காணும். காது நாலு புறமும் கேட்கும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள எங்கள் தலைமுறைக்குத் திரைப்படம் தேவைப்படவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் இரவில் நாய்கள் குரைக்கத் தொடங்கும். முதலில் தூரத்து ஒழுங்கையில், பிறகு அடுத்த ஒழுங்கையில். குரைப்பு நெருங்கி வரும் வேகத்தைக் கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள், நடந்தா ஓடியா வருகிறார்கள் என்றெல்லாம் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு இருந்தவர்கள் கணக்கிட்டார்கள். வருவது எந்தத் தரப்பு என்பதை மட்டும் நாய் சொல்லாது.

மீண்டும் விடயத்துக்கு வருகிறேன். வார்ப்பு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் பழைய படம் 1932 இல் வந்த 'வைட் சொம்பி'. இயக்கியவர் விக்டர் ஹல்பெரின். களம் ஹெயிட்டி. திருமணம் செய்துகொள்ளவிருக்கும் வெள்ளைக்கார இளஞ்சோடி ஒன்று இரவில் குதிரைவண்டியில் வருகிறது. வீதியின் நடுவே ஒரு கூட்டம் பாடிக்கொண்டு குழி தோண்டி யாரையோ புதைக்கிறது. மேளம் ஒலிக்கிறது. நடிகர்களின் பெயர்கள் இக்காட்சியின் மேலேயே ஓடுகின்றன. பிணத்தைத் திருடுவோருக்கு அஞ்சியே ஆட்கள் நடமாடும் வீதியில் புதைப்பதாக வண்டிக்காரர் விளக்குகிறார். அடுத்து இருளின்மேல் இரண்டு கண்கள் மாத்திரம் பெரிதாகத் தோன்றுகின்றன. அவை மீண்டும் லுகோசியின் கண்கள்.

ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேளம் என்றால் கறுப்பர், கறுப்பர் என்றால் மாந்திரீகம், மாந்திரீகம் என்றால் வெள்ளைப் பெண்ணுக்கு ஆபத்து. இதை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அமெரிக்கா 1915 முதல் 1934 வரை ஹெயிட்டியைத் தன் படைகளால் ஆக்கிரமித்து வைத்திருந்தது. அங்கிருந்து திரும்பியோரும் பயணிகளும் எழுதியவை, குறிப்பாக வில்லியம் சீப்ரூக்கின் 1929 ஆம் ஆண்டு நூல், அமெரிக்க வாசகரை ஏற்கெனவே தயார்ப்படுத்தியிருந்தன. அடிமைகள் 1791 இல் கிளர்ந்தெழுந்து 1804 இல் தமக்கென ஒரு நாட்டை அமைத்துக்கொண்ட மண் அது. அந்த வரலாறு படத்தில் இல்லை. மேளம் மாத்திரம் இருக்கிறது. ஹெயிட்டி மக்களின் நம்பிக்கையில் சொம்பி என்பது அஞ்சி ஓடவேண்டிய பிறவியன்று. செத்த பிறகும் எழுப்பப்பட்டு மற்றொருவனின் தோட்டத்தில் கூலியின்றி உழைக்கும் பிணம் அது. அவர்கள் அஞ்சியது சொம்பியைக் கண்டு அல்ல, தாம் சொம்பி ஆகிவிடுவோமோ என்றுதான். சாவுக்கு அப்பாலும் அடிமைத்தனம் தொடரும் என்ற பயம் அது. அடிமைகளின் துயரத்தை எஜமானரின் திகிலாக மாற்றியதே இந்த ஆரம்பக் காட்சி செய்த வேலை.

அல்பிரட் ஹிட்ச்கொக் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவுடன் உரையாடியபோது அளித்த விளக்கம் பிரபலமானது. இருவர் மேசையில் இருந்து பேசிக்கொண்டிருக்கையில் குண்டு வெடித்தால் அது திடுக்கீடு. பார்வையாளருக்கு மாத்திரம் மேசையின் கீழ் குண்டு இருப்பது தெரிந்திருந்தால் அது சஸ்பென்ஸ். ஆனால் அதற்குக் குண்டைக் காட்டவேண்டும். காட்டுவதற்கு நேரம் வேண்டும். வார்ப்பு அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பார்வையாளர் திரையரங்குக்கு வரும்போதே குண்டைத் தம் தலைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார். மலிவான படங்களில் வார்ப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். நேரத்துக்கும் பணத்துக்கும் பதிலாக முன்முடிவு பயன்படுகிறது.

மலிவான படம் எடுக்கப் பணிக்கப்பட்டும் இவ்வழியில் போகாதவர் ஒருவர் இருந்தார். ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் தயாரிப்பாளர் வல் லூட்டன். ஜாக் டூர்னர் இயக்கத்தில் 1943 இல் அவர் வெளியிட்ட 'ஐ வோக்ட் வித் எ சொம்பி', தூரத்துக் கடற்கரையில் நடந்துவரும் இரு உருவங்களோடு ஆரம்பிக்கிறது. கனடாவிலிருந்து கரீபியன் தீவொன்றுக்கு வேலைக்குப் போகும் தாதிப்பெண்ணின் குரல் கதையைச் சொல்கிறது. தீவில் அவளை ஏற்றிச்செல்லும் கறுப்பு வண்டிக்காரர், தம் முன்னோர் கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டு அங்கு கொண்டுவரப்பட்டதைக் கூறுகிறார். அழகிய இடத்துக்கல்லவா கொண்டுவந்தார்கள் என்று அவள் சொல்ல, நீங்கள் அப்படிச் சொன்னால் சரி என்று அவர் மரியாதையாக அமைந்துவிடுகிறார். குதிரைவண்டி, இரவல் நிலம், கறுப்பு வண்டிக்காரர் எல்லாம் பழைய வார்ப்பின் பொருட்களே. ஆனால் இங்கு வண்டிக்காரரே அறிந்தவர், பயணி அறியாதவள் என்பது ஒரு வாக்கியத்தில் புலப்பட்டுவிடுகிறது.

இந்திய சினிமாவிலும் இதற்கொரு வார்ப்பு உண்டு. தமிழர் எல்லோருக்கும் பழக்கமானது. ராஜ் கோஸ்லாவின் 1964 ஆம் ஆண்டு ஹிந்திப் படமான 'வோ கௌன் தீ' மழை இரவில் காரோட்டி வரும் ஒரு டொக்டரோடு ஆரம்பிக்கிறது. வீதியில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு பெண் நிற்கிறாள். அவள் ஏறியதும் காரின் வைப்பர்கள் நின்றுவிடுகின்றன. கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையில் அவள் வழி சொல்கிறாள். போய்ச் சேருமிடம் மயானம். வைப்பர் நிற்பதைக் கொண்டே அச்சத்தை ஊட்டிய இயக்குநரின் கெட்டித்தனத்தை மெச்சவேண்டும். 1966 இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்து இதுவே தமிழில் 'யார் நீ' ஆயிற்று. வெள்ளைச் சேலையைக் கண்டதும் நாம் ஏன் அஞ்சினோம்? வெள்ளைச் சேலை விதவையின் உடை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வரக்கூடாது என்று பகலில் ஒதுக்கிவைத்த பெண்ணைத்தான் இரவில் பேயாகக் கண்டோம். அவளுக்குப் புதிதாக ஒரு வேடமும் தைக்கவேண்டியிருக்கவில்லை.

வார்ப்பைத் தெரிந்தே உடைத்த முதற் பெரும் ஆரம்பக் காட்சி ஜோர்ஜ் றொமேரோவின் 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' (1968). அண்ணனும் தங்கையும் தகப்பனின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க வருகிறார்கள். இருள் இல்லை, மாளிகை இல்லை, புரியாத மொழியும் இல்லை. அமெரிக்கக் கொடி ஒன்று காற்றில் அசைகிறது. பின்னால் தூரத்தில் வயதான ஒருவர் தள்ளாடி நடந்து வருகிறார். றொமேரோவின் கமரா அவரைப் பெரிதாகக் காட்டவில்லை. காட்சியின் ஓர் ஓரத்திலேயே விட்டுவைக்கிறது. அண்ணன் தங்கையைப் பயமுறுத்துவதற்காக, அதோ உன்னைப் பிடிக்க வருகிறான் என்று கேலி செய்கிறான். அம்மனிதர் அதைக் கேட்டிருப்பாரோ என்று தங்கை கூசுகிறாள். அடுத்த கணம் அவர் அவள்மீது பாய்கிறார். திகிற்படத்தின் பழைய வாய்ப்பாட்டைக் கேலி செய்துகொண்டிருக்கும்போதே அது உண்மையாகிவிடுகிறது. வந்தவர் அந்நியரும் அல்லர். அவர்களைப் போன்ற கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரர்.

ஆனால் உடைந்த வார்ப்பு திரும்பவும் வார்க்கப்பட அதிக காலம் எடுக்கவில்லை. 1973 இல் வில்லியம் பிறீட்கினின் 'த எக்ஸோர்சிஸ்ட்' வெளிவந்தது. தொழில்நுட்ப நோக்கில் இதன் ஆரம்பத்துக்கு நிகரானது குறைவு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஏறக்குறைய பத்து நிமிடங்கள் வட ஈராக்கில் கழிகின்றன. முதலிற் கேட்பது பாங்கொலி. பிறகு சிவந்த சூரியன், அகழ்வாய்வில் மண்ணைக் கொத்தும் பிக்கான்களின் தாளம். முதிய பாதிரியார் மெரின் மண்ணிலிருந்து ஒரு சிறு உருவத்தை எடுக்கிறார். தேநீர்க் கடையில் அவருடைய கை நடுங்குகிறது. கொல்லுப்பட்டறையில் சம்மட்டிகள் அடிக்கின்றன. திரும்பிப் பார்க்கும் கொல்லனுக்கு ஒரு கண் இல்லை. ஓர் அறையில் மணிக்கூட்டின் ஊசல் நின்றுவிடுகிறது. ஒடுக்கமான வீதியில் குதிரைவண்டி அவரை மோதாமல் தப்பிப் போகிறது. ஹத்ரா என்ற புராதன நகரின் இடிபாடுகளில் பஸுஸு என்ற பூதத்தின் சிலைக்கு எதிரே அவர் நிற்க, நாய்கள் கடிபட்டு உறுமுகின்றன. பேச்சு மிகக் குறைவு. பிக்கானின் தாளம் சம்மட்டியாகி, சம்மட்டி குதிரைக் குளம்பாகி, எல்லாம் ஒரே இதயத்துடிப்பாக ஓடுகின்றன. இப்படத்துக்கு அவ்வாண்டின் ஒலிக்கான ஒஸ்கார் கிடைத்தது பொருத்தமே.

அடுத்த காட்சி வாஷிங்டனில். அங்கே ஒரு சிறுமியின் படுக்கையறையில் பூதம் புகுந்துகொள்கிறது. ஈராக்கிலிருந்து அது எவ்வாறு வந்தது, ஏன் அந்தச் சிறுமியிடம் வந்தது என்பதற்குப் படம் எந்த விளக்கமும் தரவில்லை. நான் வியப்பது, எத்தனையோ கோடிப் பேர் பார்த்த படத்தில் அக்கேள்வி பெரிதாக எழவில்லை என்பதைத்தான். பாங்கொலி, பாலைநிலம், முக்காடிட்ட பெண்கள், ஒற்றைக்கண் மனிதன் என்று பத்து நிமிடம் காட்டியதும், தீமை அங்கிருந்துதான் வரும் என்பதில் மேற்கத்தியப் பார்வையாளருக்கு ஐயம் எழவில்லை. கொழும்பில் வாழ்ந்த எனக்குப் பாங்கொலி என்பது நேரத்தை அறிவிக்கும் மணிக்கூடு. பின்னிரவில் பத்திரிகைப் பக்கத்தை முடித்துவிட்டு வரும்போது, இனி விடிந்துவிடும் என்று சொல்லும் ஒலி.

பஸுஸுவின் கதையில் மேலும் ஒரு விநோதம் இருக்கிறது. பண்டைய மெசப்பத்தேமியாவில் அது தீய காற்றுகளின் பூதம்தான். ஆனால் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கொல்ல வரும் லமாஷ்து என்ற பூதத்தை விரட்டுவதற்குப் பஸுஸுவின் தலையைத்தான் தாய்மார் அணிந்தார்கள்; வீட்டில் வைத்தார்கள். கட்டிமுடியாத வீட்டின் முகப்பில் கண்ணூறு படாதிருக்க நம்மவர் மாட்டும் கோரமுகம் போன்றது அது. குழந்தையைக் காக்க வைத்த காவலன், ஹொலிவூட்டில் குழந்தையைப் பிடிக்கும் பேயாக்கப்பட்டான். ஹத்ரா 1985 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015 இல் ஐ.எஸ். இயக்கத்தினர் அங்குள்ள சிற்பங்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். அவர்களும் அதைப் பேய்களின் இடமாகவே கண்டார்கள்.

வார்ப்புக்குப் பலியாவது மனிதர் மட்டுமன்று. ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' (1975) படத்தின் ஆரம்பத்தில் சுறா காட்டப்படுவதே இல்லை. நீருக்கடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் கமராவும் ஜோன் வில்லியம்ஸின் இரண்டே இரண்டு சுரங்களும் சுறாவின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதும் அதற்கு ஒரு காரணம். கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, சுறாக்களின்மீது தாம் ஏற்றிவைத்த பழிக்காகப் பின்னாளில் வருந்தி, அவற்றின் பாதுகாப்புக்காக உழைத்தார். பூதத்தை உருவாக்கியவரே அதற்காக வாதாட வந்தது அபூர்வம்.

ஜோன் கார்பென்டரின் 'ஹலோவீன்' (1978) கமராவை வேறொரு இடத்தில் வைத்தது. சுமார் மூன்று இலட்சம் டொலரில் எடுக்கப்பட்ட சிறிய படம். 1963 இல் ஓர் இரவு. கமரா ஒரு வீட்டை நெருங்குகிறது, யன்னலூடாக உள்ளே பார்க்கிறது, குசினிக்குள் நுழைகிறது, ஒரு கை கத்தியை எடுக்கிறது, படியேறுகிறது. ஆட்டமில்லாமல் நடந்துகொண்டே படம்பிடிக்கும் 'பனாகிளைட்' என்ற புதிய சாதனத்தால் நான்கு நிமிடம் வெட்டில்லாதது போல் இது ஓடுகிறது. நடுவே முகமூடி மாட்டப்பட, நாம் இரண்டு துவாரங்கள் வழியாகப் பார்க்கிறோம். ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள். வெளியே வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது: ஆறு வயதுச் சிறுவன், அவளுடைய தம்பி. கொலைகாரனின் கண்களை நமக்குத் தந்துவிட்டு முகத்தைக் கடைசியாகக் காட்டியதால், நான்கு நிமிடமும் நாம் மனதில் வைத்திருந்த முகம் எது என்ற கேள்வி மிஞ்சுகிறது. எனினும் காதலனோடு தனித்திருந்த பெண்ணே முதலில் சாகவேண்டும் என்ற புதிய வார்ப்பை இதைப் பார்த்துப் பின்வந்தோர் செய்துகொண்டார்கள். அப்படியொரு ஒழுக்கப் பாடத்தைத் தாம் நினைக்கவே இல்லை என்று கார்பென்டர் கூறிவந்திருக்கிறார்.

ஸ்ரான்லி குப்ரிக்கின் 'த ஷைனிங்' (1980) மலைப்பாதையில் செல்லும் ஒரு சிறு மஞ்சட் காரை ஹெலிகொப்டரிலிருந்து தொடர்கிறது. இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றிய பழைய இலத்தீன் தேவாலய இராகத்தை வென்டி கார்லொஸும் ரேச்சல் எல்கிண்டும் மின்னியற் கருவியில் இசைத்திருக்கிறார்கள். பட்டப்பகல், அழகிய ஏரி. இருந்தும் அடிவயிறு கலங்குகிறது. பிறகு, ஹோட்டல் பூர்வகுடிகளின் இடுகாட்டின்மேல் கட்டப்பட்டது என்று முகாமையாளர் போகிற போக்கில் சொல்கிறார். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் ஆவியாக மாத்திரம் திரும்பி வரலாம் என்பது அக்கால அமெரிக்கப் படங்களின் வழக்கம்.

2017 இல் ஜோர்டான் பீல் 'கெட் அவுட்' படத்தை எடுத்தார். இரவு. வசதியானவர்கள் வாழும் அமைதியான புறநகர் வீதி. கறுப்பு இளைஞன் ஒருவன் தொலைபேசியில் பேசியபடி வழி தெரியாமல் தனியே நடந்து வருகிறான். நூறு ஆண்டு வார்ப்பின்படி, இந்த வீதியில் அஞ்சப்பட வேண்டியவன் அவன்தான். இங்கு அஞ்சுவது அவன். வெள்ளைக் கார் ஒன்று அவனைக் கடந்து போய், திரும்பி, மெதுவாகப் பின்தொடர்கிறது. காருக்குள்ளிருந்து 1939 ஆம் ஆண்டின் குதூகலமான ஆங்கிலப் பாட்டு கேட்கிறது. ஓடும் முயலைப் பற்றியது. அவன் வந்த வழியே திரும்பி நடக்கிறான். கார் நின்றுவிட்டது; கதவு திறந்து கிடக்கிறது. கமரா ஒரே ஓட்டத்தில் அவனோடு சுற்றிச் சுழல்வதால், அவன் காணாதது எதையும் நாமும் காணவில்லை. முகத்தை மூடிய ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை நெரித்து, காரின் பின்பெட்டிக்குள் தூக்கிப் போடுகிறான். 2012 இல் புளோரிடாவில் ட்ரேவொன் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்புச் சிறுவன் இப்படியொரு குடியிருப்பில் இரவில் நடந்து போகையில் 'சந்தேகத்துக்கு இடமானவன்' என்று பின்தொடரப்பட்டுச் சுடப்பட்டதை அறிந்தவர்களுக்கு அக்காட்சியில் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

எனக்கும் தேவைப்படவில்லை. 2006 முதல் சில ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்த தமிழர் எவருக்கும், பின்னால் மெதுவாக வரும் வெள்ளை நிற வாகனம் எதைக் குறிக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்களில் திரும்பி வராதவர் பலர். அவர்களைப் பற்றிய செய்திகளை நாங்கள் எழுதியபோதும் ஆரம்ப வாக்கியத்தில் 'இனந்தெரியாத நபர்கள்' என்றே எழுதினோம். அதற்கு மேல் எழுதினால் அடுத்த வான் எங்கள் வாசலுக்கு வரும் என்பதும் தெரிந்திருந்தது. பீலின் படம் அமெரிக்காவில் திரைக்கு வந்த அதே 2017 பெப்ரவரியில்தான் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தங்கள் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அவர்கள் கையிலிருந்த படங்களில் இருந்த முகங்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயது இளைஞர்களுடையவை.

அந்த இளைஞனைக் கார் கொண்டுபோன பிறகே 'கெட் அவுட்' படத்தின் எழுத்தோட்டம் வருகிறது. திரையில் காட்டு மரங்கள் விரைந்து ஓட, மைக்கேல் ஏபெல்ஸ் இசையமைத்த ஒரு பாடல் ஒலிக்கிறது. கிசுகிசுப்பதுபோலக் குரல்கள், கூடவே கைதட்டல். மொழி சுவாஹிலி. முன்னோர் சொல்வதைக் கேள் என்பது தலைப்பின் பொருள். ஓடிவிடு என்று கதாநாயகனை எச்சரிக்கிறது. 1931 இல் ஹங்கேரியக் கிராமத்தவரின் பேச்சைப் போலவே இதற்கும் மொழிபெயர்ப்பு கொடுக்கப்படவில்லை. திரையரங்கில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதை வெறும் திகில் ஓசையாகவே கேட்டிருப்பார்கள்.